'பரூஹ்' என்றால் போவேனா, போகப்போகிறேனா? பேச்சு அரபியில் ஒரு சந்தேகம்

குவைத் சேகர்

நண்பர்களே, வணக்கம். அரபி தெரிந்தவர்கள் யாராவது இந்த முடிச்சை அவிழ்த்து வையுங்கள்.

குவைத்தில் ஒரு சரக்குக் கிடங்கில் ஒன்பது வருடமாக வேலை. எனக்கு அரபி கற்றுக்கொடுத்தது எங்கள் சிரியாக்கார ஃபோர்மேன். அவர் கணக்குப்படி 'பரூஹ்' என்றால் 'போவேன், போவது வழக்கம்'. இனிமேல்தான் போகப்போகிறோம் என்றால் 'ரஹ் ரூஹ்' என்று சொல்ல வேண்டும். நோட்டில் எழுதி மனப்பாடம் செய்து வைத்திருந்தேன்.

போன வாரம் எங்கள் முதீர் (மேலாளர், குவைத்திக்காரர்) போனில் 'பரூஹ் அல்மீனா' என்றார். மீனா என்றால் துறைமுகம். அடிக்கடி போகிறவர்தானே, ஏதோ பேச்சுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிட்டேன். அரைமணி நேரத்தில் வண்டியோடு வாசலில் நிற்கிறார். "துறைமுகம் போகப்போகிறேன் என்று சொன்னேனே, காகிதமெல்லாம் எங்கே?" அன்றைக்கு நான் வாங்கிக்கட்டிக்கொண்டதை இங்கே எழுத முடியாது.

மறுநாள் ஃபோர்மேனிடம் கேட்டால், "அவர்கள் பேசுவதெல்லாம் ஒரு அரபியா?" என்கிறார். முதீரிடம் கேட்டால் அவரும் அதையேதான் திருப்பிச் சொல்கிறார். யார் சொல்வது சரி?

நைல்கரை

சேகர், இருவர் சொல்வதும் சரிதான். நான் கெய்ரோவில் நான்கு வருடம் படித்தவன். அங்கேயும் 'பஷ்ரப் ஷாய்' என்றால் டீ குடிக்கிறேன், அல்லது டீ குடிப்பது வழக்கம். இனிமேல் குடிப்பதற்கு 'ஹஷ்ரப்'. அதே 'பஷ்ரப்' உங்கள் ஊரில் 'குடிக்கப்போகிறேன்' ஆகிவிடும். ஒரே எழுத்து முன்னால் ஒட்டுகிறது, காலம் மாறிவிடுகிறது. எகிப்துக்காரர்கள் வளைகுடாவுக்கு வந்த புதிதில் இதில் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

சொல்வேர்

முதலில் ஒரு குறிப்பு. அரபியில் நம் 'அப்பா'வில் வரும் வல்லோசை கிடையாது. ஆகவே நான் எழுதும் ப எல்லாவற்றையும் 'பஸ்'ஸில் வரும் ப-வாகப் படியுங்கள்.

சேகர், உங்கள் முதீரின் ப-வும் ஃபோர்மேனின் ப-வும் கேட்பதற்குத்தான் ஒன்று, பிறப்பு வேறு. வளைகுடாவில் 'அபீ' என்றால் 'எனக்கு வேண்டும்'. அதன் பழைய வடிவம் 'அப்கீ'. 'அபீ அரூஹ்' என்றால் 'எனக்குப் போக வேண்டும்'. இதை வேகமாகச் சொல்லிச் சொல்லி, 'அபீ' தேய்ந்து வெறும் 'ப்' ஆகி, வினையோடு ஒட்டிக்கொண்டது. ஒட்டியதும் விருப்பம் என்ற பொருள் கழன்று எதிர்காலம் மட்டும் மிஞ்சியது. வேடிக்கை என்னவென்றால் முழுச்சொல்லும் சாகவில்லை. குவைத்தில் 'அபீ அரூஹ்', 'பரூஹ்' இரண்டும் கேட்கும். முதலாவது ஆசை, இரண்டாவது முடிவு.

இது நமக்குப் புதிதில்லை. 'வேண்டும்' என்பது தனி வினைச்சொல். போக வேண்டும், போகவேணும், போகோணும், போகணும் என்று தேய்ந்து இன்று '-ணும்' என்ற ஒட்டாக நிற்கிறது. கொங்கு நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் 'போகோணும்' என்ற இடைப்பட்ட நிலையை இன்றும் கேட்கலாம்.

சிரியா, எகிப்து ப-வின் பிறப்பைப் பற்றி ஆய்வாளர்களுக்குள் சண்டை தீரவில்லை. 'இல், ஆல்' என்று பொருள்படும் 'பி' என்ற முன்னிடைச்சொல்தான் என்பது ஒரு கட்சி. அது எப்படியோ, உங்கள் முதீரின் ப-வுக்கும் அதற்கும் வேலை வேறு.

'ரஹ்' கதை இன்னும் சுவையானது. 'ராஹ்' என்றால் போனான். 'ராயிஹ்' என்றால் போய்க்கொண்டிருப்பவன். பெண் என்றால் 'ராய்ஹா', பலர் என்றால் 'ராய்ஹீன்'. இது டமாஸ்கஸில் 'ரஹ்' ஆகவும் கெய்ரோவில் வெறும் 'ஹ' ஆகவும் சுருங்கியது. சுருங்கியபோது பால், எண் எல்லாம் உதிர்ந்துவிட்டன. ஆண், பெண், கூட்டம் எல்லோருக்கும் ஒரே 'ஹ'.

இப்போது ஃபோர்மேனின் 'ரஹ் ரூஹ்' என்பதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்குங்கள்: 'போகப் போறேன்'. இரண்டு 'போ'! முதல் 'போ'வில் நடை இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. 'ரஹ் இஜி' என்றும் சொல்வார்கள். 'வரப் போறேன்'. வருகிறவன் எப்படிப் போவான் என்று அங்கேயும் யாரும் கேட்பதில்லை, இங்கேயும் கேட்பதில்லை. சொல் முழுவதும் இலக்கணமாகிவிட்டதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை.

மொராக்கோவில் இதே வேலையை 'காதி' செய்கிறது. (க-வைத் தொண்டையில் உரசிச் சொல்லுங்கள்.) அதற்கும் 'போகிறவன்' என்றுதான் பொருள். துனீசியாவில் மட்டும் வேறு வழி. அங்கே 'பாஷ்' என்பது முதலில் 'எதனால், எதைக்கொண்டு', பிறகு 'செய்வதற்காக', இப்போது 'செய்யப்போகிறேன்'. நோக்கத்திலிருந்து எதிர்காலத்துக்கு ஒரே எட்டு.

இப்படித் தனிச்சொல் இலக்கண உறுப்பாகத் தேய்வதற்கு ஆந்த்வான் மெய்யே என்ற பிரெஞ்சு அறிஞர் 1912-ல் ஒரு பெயர் வைத்தார். தமிழில் 'இலக்கணமாதல்' என்று எழுதுகிறோம்.

காயல்காற்று

அஸ்ஸலாமு அலைக்கும். மதரசாவில் ஏழு வருடம் நஹ்வும் ஸர்ஃபும் (அரபி இலக்கணம்) ஓதியவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். தவறாக எடுக்க வேண்டாம்.

நீங்கள் வளர்ச்சி என்பதை எங்கள் உஸ்தாதுகள் 'லஹ்ன்' என்பார்கள், அதாவது பிழை. பாமரர் பேச்சுப் பிழைகளைத் திருத்த அந்தக் காலத்திலேயே தனி நூல்கள் எழுதியிருக்கிறார்கள். 'வந்த மனிதன், வந்த பெண்' என்பதை அரபியில் சொல்லும்போது நடுவில் நிற்கிற இணைப்புச் சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். இலக்கண அரபியில் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று, இருவருக்கு ஒன்று, பலருக்கு ஒன்று. பேச்சில் எல்லாவற்றையும் போட்டு அரைத்து 'இல்லி' என்ற ஒரே சொல்லாக்கிவிட்டார்கள். மாளிகையை இடித்துக் கொட்டகை போட்டதற்கு வளர்ச்சி என்று பெயரா?

சொல்வேர்

வஅலைக்கும் ஸலாம் ஹஜ்ரத். நீங்கள் ஓதிய நஹ்விலிருந்தே பதில் சொல்லலாம்.

'ஸவ்ஃப யஃப்அலு', 'ஸயஃப்அலு'. இரண்டும் 'அவன் செய்வான்'. முன்னது தனிச்சொல், பின்னது 'ஸ' என்ற ஒட்டு. கூஃபா, பஸ்ரா என்று அரபி இலக்கணத்தில் இரண்டு பழைய பள்ளிகள். கூஃபா இலக்கணிகள் 'ஸவ்ஃப'தான் தேய்ந்து 'ஸ' ஆனது என்றார்கள். பஸ்ராக்காரர்கள் இல்லை, அது தனி எழுத்து என்றார்கள். கூஃபாக்காரர்கள் சொன்னது சரியானால், 'ராயிஹ்' தேய்ந்து 'ஹ' ஆனதும் அதே பாதைதான். ஒன்று இலக்கணம், இன்னொன்று பிழையா?

அப்புறம், 'இல்லி' இழந்ததை மட்டும் பார்க்கிறீர்கள். அது புதிதாகப் பெற்றதும் உண்டு. கெய்ரோவில் 'அல்ஹம்துலில்லாஹ் இல்லி கீத்' என்பார்கள். 'நீ வந்தாயே, இறைவனுக்கே புகழ்'. இங்கே 'இல்லி' யாரையும் சுட்டவில்லை. ஒரு முழு வாக்கியத்தைத் தூக்கிப் பிடிக்கிறது. நம் 'என்று' மாதிரி. 'என்று' என்றால் 'சொல்லி'. ஆனால் 'மழை வரும் என்று நினைத்தேன்' என்பதில் யாரும் எதுவும் சொல்லவில்லையே.

காயல்காற்று

கூஃபா, பஸ்ரா வாதத்தை இங்கே எதிர்பார்க்கவில்லை. யோசிக்கிறேன்.

குவைத் சேகர்

தலை சுற்றுகிறது, ஆனால் நிறுத்த வேண்டாம். என் பங்குக்கு ஒன்று. இங்கே 'காஇத்' என்றால் உட்கார்ந்திருப்பவன். ஆனால் 'காஇத் யம்ஷி' என்றால் 'நடந்துகொண்டிருக்கிறான்'. முதல் முறை கேட்டபோது, உட்கார்ந்தபடி எப்படி நடப்பான் என்று சிரித்துவிட்டேன்.

காவிரி மீனா

சிரிக்காதீர்கள் சேகர், நீங்களும் அப்படித்தான் பேசுகிறீர்கள். பெருமாள் கோயிலில் நின்ற கோலம், இருந்த கோலம், கிடந்த கோலம் என்கிறோமே, அதில் 'இருந்த' என்றால் உட்கார்ந்த. இருக்கை என்றால் ஆசனம். 'நடந்துகொண்டு இருக்கிறான்' என்னும்போது உங்கள் ஆளும் உட்கார்ந்துகொண்டுதான் நடக்கிறான்!

எனக்கு அரபி தெரியாது. ஆனால் இதைப் படித்ததும் கை சும்மா இருக்கவில்லை. ('சும்மா *இருக்க*வில்லை', பாருங்கள்.)

மால்டா ரோசி

நான் மால்டாவில் நர்ஸ். இங்கே பேசும் மொழியும் அரபியின் பிள்ளைதான். ஆனால் ரோமன் எழுத்தில் எழுதுகிறார்கள், 2004-லிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தின் அதிகாரபூர்வ மொழிகளில் ஒன்று. இங்கே பேச்சு வேறு, எழுத்து வேறு என்ற இரட்டை வாழ்க்கை கிடையாது. குவைத்தில் யாரும் பாடப்புத்தகத்தில் எழுதத் துணியாததை இங்கே பள்ளிக்கூடத்தில் இலக்கணமாக வைத்திருக்கிறார்கள்.

சேகர் சொன்ன 'காஇத்' இங்கே 'எட்' என்று ஒற்றை அசையாகிவிட்டது. 'எட்' போட்டால் நிகழ்காலம், அவ்வளவுதான். உட்காரும் வாசனையே இல்லை. எதிர்காலத்துக்கு 'சே'. அது 'போகிறவன்' என்ற சொல்லின் குறுக்கம்.

வார்டில் நான் முதலில் கற்றது 'மா நாஃப்ஷ்', தெரியாது. இரண்டாவது 'ட்முர்ஷ்', போகாதே. படுக்கையை விட்டு எழுந்து ஓடும் தாத்தாக்களுக்குத் தினமும் பத்து முறை சொல்கிறேன். முதலாவதில் 'மா' இருக்கிறது, இரண்டாவதில் இல்லை. ஏன் என்று கேட்டால் கூட வேலை செய்கிறவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை.

நைல்கரை

ரோசி, இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன். பேச்சு அரபியிலேயே எனக்கு மிகப் பிடித்த கதை இது.

பழைய அரபியில் 'போகவில்லை' என்பதற்கு முன்னால் ஒரு 'மா' போதும். டமாஸ்கஸிலும் குவைத்திலும் இன்றும் 'மா ருஹ்த்'. ஆனால் கெய்ரோவில் 'மருஹ்திஷ்', மொராக்கோவில் 'மா மஷீத்ஷ்'. பலஸ்தீனம் தொடங்கி வட ஆப்பிரிக்கா முழுவதும் வால் பக்கம் ஒரு 'ஷ்' தொங்கும். அந்த 'ஷ்' வேறொன்றுமில்லை, 'ஷய்', அதாவது பொருள், சாமான். 'ஒரு பொருளும் இல்லை' என்று அழுத்திச் சொல்லத்தான் சேர்த்தார்கள். அழுத்தம் நாளடைவில் சப்பென்று போனது. பிறகு 'ஷ்' இல்லாவிட்டால் வாக்கியமே அரைகுறை என்றானது.

அடுத்த கட்டம் பலஸ்தீனத்தில். அங்கே 'பஅரஃபிஷ்' என்றாலே 'தெரியாது'. 'மா' போய்விட்டது. அதாவது, உண்மையில் 'இல்லை' என்ற பொருள் இருந்த சொல் வீட்டைவிட்டு வெளியேற, 'சாமான்' என்ற சொல் 'இல்லை'யாகக் குடியேறிவிட்டது. ரோசியின் 'ட்முர்ஷ்' அதே கதை. பிரெஞ்சில் 'ஓர் அடி' என்ற சொல் 'இல்லை' ஆனதையும் இதோடு சேர்த்துப் பேசுவார்கள்.

காவிரி மீனா

'அவன் ஒன்றும் முட்டாள் இல்லை' என்கிறோமே! அந்த 'ஒன்றும்' எதை எண்ணுகிறது? எதையுமே இல்லை, வெறும் அழுத்தம்தான். உங்கள் 'ஷய்' முதல் படியில் நின்றது போல நம் 'ஒன்றும்' நிற்கிறதோ?

நைல்கரை

அதேதான். ஆனால் நம்மிடம் 'இல்லை' இன்னும் வலுவாக உட்கார்ந்திருக்கிறது. 'ஒன்றும்' நாற்காலியைப் பிடிக்க அவசரப்படவில்லை.

சொல்வேர்

நைல்கரை சொன்ன வழிதான் பெரும்பாலோர் ஏற்பது. ஆனால் எல்லோரும் இல்லை.

கிறிஸ்டபர் லூக்காஸ் என்ற ஆய்வாளர் எகிப்தின் பழைய மொழியான கொப்திக்கைக் கைகாட்டுகிறார். கொப்திக்கில் வினைக்கு முன்னும் பின்னும் இரண்டு மறுப்பு உறுப்புகள் இருந்தன. அதைப் பேசியவர்கள் அரபிக்கு மாறியபோது பழைய பழக்கத்தைக் கூடவே கொண்டுவந்தார்கள் என்பது வாதம். டேவிட் வில்ம்சென் வேறு கட்சி. அந்த 'ஷீ' முதலில் கேள்விச் சொல்லாக இருந்தது, கேள்வியிலிருந்துதான் மறுப்பு பிறந்தது என்கிறார்.

இரண்டாவது கட்சி முதலில் எனக்கு ஒட்டவில்லை. அப்புறம் என் பாட்டி ஞாபகம் வந்தது. 'இவன் என்னத்தைப் படிச்சான்?' என்பாள். கேள்விதான், ஆனால் பொருள் 'ஒன்றும் படிக்கவில்லை'. அதற்காக வில்ம்சென் சொல்வது முழுக்கச் சரி என்று ஏற்றுக்கொள்ளவில்லை. டமாஸ்கஸில் 'ஃபீ ஷீ?' (ஏதாவது இருக்கிறதா?), மொராக்கோவில் 'ஷீ வாஹித்' (யாரோ ஒருவன்) என்று 'ஷீ' இன்னும் 'ஏதோ' என்ற பொருளில் உயிரோடு இருக்கிறது. அங்கிருந்து மறுப்புக்குப் போவதுதான் எனக்குக் கிட்டத்து வழியாகத் தெரிகிறது.

குவைத் சேகர்

அப்படியானால் 'மாக்கு' எப்படி வந்தது? இங்கே 'இருக்கிறது' என்பதற்கு 'அக்கு', 'இல்லை' என்பதற்கு 'மாக்கு'. வந்த முதல் நாளிலேயே கற்றது. சம்பளம்? மாக்கு. லீவு? மாக்கு.

நைல்கரை

அது ஈராக்கும் குவைத்தும் சேர்ந்து வைத்திருக்கும் சொத்து. பாபிலோன் காலத்து அக்கேடிய மொழியின் எச்சம் என்று பலர் பெருமையாகச் சொல்வார்கள். 'யகூன்' (இருக்கும்) என்ற சாதாரண அரபி வினையின் குறுக்கம் என்பது இன்னொரு விளக்கம். எனக்கு இரண்டாவதுதான் நம்பும்படி இருக்கிறது. மூவாயிரம் வருடப் பழமை கேட்க இனிக்கும், ஆனால் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சொல் இருக்கும்போது அவ்வளவு தூரம் போவானேன்?

காயல்காற்று

யோசித்துவிட்டு வந்தேன். ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். வளைகுடாவில் நம்மவர்கள் எல்லாவற்றுக்கும் சொல்லும் 'மாஃபீ' எனக்கு எப்போதும் உறுத்தும். குர்ஆனின் ஆயத்துல் குர்ஸி வசனத்தில் 'லஹூ மா ஃபிஸ்ஸமாவாத்தி' என்று தினமும் ஓதுகிறோம். வானங்களில் *உள்ளவை* அவனுக்கே உரியவை. அங்கே 'மா ஃபீ' என்றால் 'இல் உள்ளது எதுவோ அது'. இங்கே 'மாஃபீ' என்றால் 'இல்லை'. நேர் எதிர்! 'எது' என்ற மா, 'அல்ல' என்ற மா, இரண்டும் இலக்கண அரபியிலேயே ஒரே வடிவம் என்பதால் இடறுகிறது.

'ஃபீ' என்பதும் 'இல்' என்ற வெறும் இடைச்சொல்தானே. 'ஃபீஹி' என்றால் 'அதில்'. அது 'ஃபீ' என்று நின்று 'இருக்கிறது' ஆனது என்று நீங்கள் சொல்லாமலே இப்போது புரிகிறது. பிழை என்ற சொல்லை அரை மனதோடு வாபஸ் வாங்குகிறேன். முழு மனதோடு அல்ல.

சொல்வேர்

அரை மனது போதும் ஹஜ்ரத். அந்த 'ஃபீ' இன்னும் ஒரு படி போயிருக்கிறது, அதில் நம்மவர்களுக்கும் பங்கு உண்டு. தமிழர், மலையாளி, வங்காளி, பாகிஸ்தானி எல்லோரும் அரபியரோடு பேசும் கலப்பு அரபி இருக்கிறதே, அதில் 'அனா ஃபீ மாலூம்' என்றால் எனக்குத் தெரியும். 'அனா மாஃபீ ரூஹ்' என்றால் நான் போகவில்லை, போகமாட்டேன், போனதில்லை, எல்லாம். எந்த அரபியும் தன் வீட்டில் 'மாஃபீ'யை வினைக்கு முன்னால் போட்டுப் பேசமாட்டான். ஆனால் நம்மோடு பேசும்போது அவனும் அப்படியே பேசுவான். 'இல்' என்ற இடைச்சொல் 'இருக்கிறது' ஆகி, கடைசியில் வினைக்குத் துணையாகவே நிற்கத் தொடங்கிவிட்டது.

குவைத் சேகர்

'மால் அனா' என்பதும் அப்படித்தானா? 'என்னுடையது' என்று சொல்ல எல்லோரும் இதைத்தான் சொல்கிறோம்.

சொல்வேர்

'மால்' என்றால் சொத்து. ஈராக்கிலும் வளைகுடாவிலும் அது 'உடைய' ஆனது. 'ஹக்' என்றால் உரிமை, அதுவும் வளைகுடாவில் அதே வேலை செய்யும். கெய்ரோவின் 'பிதாஅ' சரக்கு, சாமான் என்ற பொருளுள்ள 'மதாஅ' என்பதிலிருந்து வந்தது. ரோசியின் மால்டாவில் அதே சொல் 'டா' என்று ஒற்றை அசையாகிவிட்டது. நம் 'உடைய' மட்டும் என்ன? உடைமைதான்! பேச்சில் '-ஓட' என்று அதையும் தேய்த்துவிட்டோம்.

நைல்கரை

'பிதாஅ'வுக்கு ஒரு பின்கதை உண்டு. பெயர் ஞாபகம் வராத எந்தச் சாமானையும் கெய்ரோவில் 'அல்பிதாஅ' என்பார்கள். நம் 'அந்த இதை எடு' மாதிரி. பெயர்ச்சொல்லாகக் கிளம்பி, இலக்கணமாகி, மறுபடி பெயர்ச்சொல்லாக வீடு திரும்பியது. எல்லாச் சொல்லும் ஒருவழிப் பாதையில் போவதில்லை.

காவிரி மீனா

இடையில் ஒரு கேள்வி. 'ஷ்லோனக்' என்று நலம் விசாரிப்பார்களாமே, அதில் என்ன தேய்ந்திருக்கிறது?

நைல்கரை

'லவ்ன்' என்றால் நிறம். 'உன் நிறம் என்ன?' என்பதுதான் 'ஷ்லோனக்'. அங்கிருந்து 'ஷ்லோன்' என்பதே 'எப்படி' ஆகிவிட்டது. 'ஷ்லோன் ரெஹ்த்?' என்றால் எப்படிப் போனாய்? நிறத்துக்கு அங்கே வேலையே இல்லை.

காவிரி மீனா

எவ்வண்ணம்! வண்ணம் என்றால் நிறம், எவ்வண்ணம் என்றால் எப்படி. பழைய கடிதங்களில் 'அவ்வண்ணமே செய்க' என்று எழுதுவார்களே. இரண்டு மொழிகளும் ஒன்றை ஒன்று பார்க்காமல் ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன.

சொல்வேர்

மீனா, இன்று நீங்கள் அடித்ததில் இதுதான் சிக்ஸர். பதிலுக்கு ஒன்று: டமாஸ்கஸில் 'இப்போது' என்பதற்கு 'ஹல்ல'. 'ஹ' என்றால் இந்த, 'அல்வக்த்' என்றால் நேரம். 'இந்த நேரம்' என்பது 'ஹல்ல' ஆனது. இ + பொழுது, இப்பொழுது, இப்போது, இப்ப. படிக்குப் படி பொருந்துகிறது.

குவைத் சேகர்

எல்லோருக்கும் நன்றி. ஃபோர்மேனிடம் 'உங்கள் ப வேறு, அவர் ப வேறு' என்று எனக்குத் தெரிந்த அரபியில் விளக்கினேன். கடைசி வரை கேட்டுவிட்டு, "எல்லாம் சரி, இருந்தாலும் எங்கள் ப-தான் நல்ல ப" என்றார்.

இன்று மதியம் முதீர் போன் செய்து 'பநாம்' என்றார். இந்த முறை நான் பதறவில்லை, காகிதம் எதையும் எடுத்து வைக்கவும் இல்லை. மனிதர் தூங்கப்போனார்.